நூற்றில் ஒருவர்

சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டின் கோ கெங் சுவீ அறிக்கை, மாணவரைக் கற்கும் வேகத்திற்கேற்பப் பிரித்துப் பயிற்ற வழிகோலிற்று. மெல்லக் கற்போருக்கு வழி கண்டபின், விரைந்து கற்போரைப் பற்றிய எண்ணம் எழுந்தது இயல்பே. கல்வித் துணையமைச்சராயிருந்த டாக்டர் டே எங் சூன் முன்னின்று ஊக்க, 1984இல் மீத்திறன் கல்வித் திட்டம் பிறந்தது. இரண்டு தொடக்கப்பள்ளிகளிலும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடங்கிய அது, நாளடைவில் ஒன்பது தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவிற்று.

தேர்வு தொடக்கநிலை மூன்றில் நடைபெற்றது. ஆங்கிலம், கணிதம், பொதுத்திறன் ஆகியவற்றில் சிறார் சோதிக்கப்பட்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே தெரிவாயினர். தாய்மொழித் தாள் அதில் இல்லை. தமிழிலே சிந்தித்து, தமிழிலே கதை புனையும் ஒன்பது வயதுப் பிள்ளையின் கூர்மையை அவ்வளவுகோல் எங்ஙனம் கண்டிருக்கும்? தமிழாசிரியர் மட்டும் அதனை அறிந்திருப்பார். அவரைக் கேட்போர்தாம் இலர்!

உயர்நிலைப் பிரிவு 2008இல் முடிவுற்றது. 2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங், இத்திட்டம் பழைய வடிவில் தொடராதென்றும், ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் மீத்திறன் மாணவரைத் தானே வளர்க்குமென்றும் அறிவித்தார். ஈரடுக்குத் தேர்வு ஓரடுக்காகும். அதனோடு மாணவரின் ஆக்கங்களும், ஆசிரியர் அன்றாடம் வகுப்பறையில் காண்பனவும் கருதப்படும் என்று கல்வி அமைச்சு விளக்கிற்று.