நீலம் பூசிய தேயிலை

பூண்டுலோயாவின் மலைகளைத் தொலைவில் நின்று நோக்குவோர்க்கு அவை நீலமாகத் தோன்றும். அருகே செல்லச் செல்ல அந்நீலம் மறைந்து, தேயிலைச் செடிகளின் பசுமையே எஞ்சும். உணவில் நீலத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சோற்றின் வெண்மை, பருப்பின் மஞ்சள், மிளகாயின் சிவப்பு, கீரையின் பச்சை ஆகிய யாவும் உண்கலத்தில் இடம்பெறும். நீலம் மட்டும் வருவதில்லை. நாவற்பழத்தை நீலம் என்பாருண்டு. ஆயினும் அதைத் தின்ற நாவிலே படிவது ஊதாவேயன்றி நீலமன்று. இயற்கை இத்துணை அருமையாக வழங்கிய நிறத்தை மனிதன் தன் கையாலேயே உணவில் கலந்த வரலாறு ஒன்று உண்டு. அது பூண்டுலோயா மக்களின் பிழைப்பாகிய தேயிலையோடு தொடர்புடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆங்கிலேயர் அருந்திய தேயிலையில் மிகப் பெரும்பகுதி சீனத்திலிருந்தே சென்றது. அத்தேயிலையின் இரகசியங்களை அறிந்து, விதைகளையும் கன்றுகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவருமாறு கிழக்கிந்தியக் கம்பெனியார் 1848-ஆம் ஆண்டில் ரொபேட் போர்ச்சூன் என்பவரை அனுப்பினர். ஸ்கொத்லாந்து நாட்டவரான இவர் சீனர்போல் உடை தரித்து, பச்சைத் தேயிலை விளையும் உள்நாட்டு மாவட்டங்களுக்குச் சென்றார். அங்கே தொழிலாளர் தேயிலையை வறுக்கும்போது, இறுதிச் சூட்டில் நீலப்பொடியும் சுட்ட ஜிப்சப் பொடியும் தூவிப் பிசைவதைக் கண்டார். அந்நீலம், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லின் நகரிலே கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் என்னும் ஓவியச் சாயம். பிசைந்தவர்களின் கைகள் முழுவதும் நீலமாயிருந்தன என அவர் எழுதி வைத்தார்.

இவ்வாறு செய்ததன் காரணம் யாது? சீனர் அத்தேயிலையை அருந்தவில்லை. இலைகள் யாவும் ஒரே நிறமாய், பார்வைக்கு அழகாய் இருப்பதையே அந்நியர் விரும்பினர். அதற்கு நல்ல விலையும் கொடுத்தனர். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தனர் விற்றவர். சாயமிட்ட நூறு இறாத்தல் தேயிலையை அருந்துவோர், அதனுடன் அரை இறாத்தலுக்கு மேற்பட்ட நீலத்தையும் ஜிப்சத்தையும் உட்கொள்கின்றனர் என்பது போர்ச்சூனின் கணக்கு.

அவர் அனுப்பிய சாயப்பொருள்கள் 1851-இல் லண்டன் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்டன. அதே காலத்தில் ஆதர் ஹசல் என்னும் மருத்துவர் கடைகளில் விற்ற உணவுப்பொருள்களை நுண்பெருக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்து, கலப்படங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டார். கருந்தேயிலையும் அக்குற்றத்திற்கு முற்றிலும் தப்பவில்லை. அதற்குக் கரியீயம் பூசியோரும் இருந்தனர். 1860-இலும், பின்னர் வன்மையாக 1875-இலும் பிரித்தானியாவில் உணவுக் கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் இயற்றப்பட்டன. சீனத் தேயிலையின்மீது ஐயம் படர்ந்தது. இந்தியத் தோட்டக்காரரும் அவர்களுக்குப் பின்னர் இலங்கைத் தோட்டக்காரரும் தம் தேயிலை கலப்பற்றது என்பதை விளம்பரமாக்கிக்கொண்டனர். சீனத்தின் வீழ்ச்சிக்கு விலை முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்த ஐயத்தின் பங்கு சிறிதன்று.

இலங்கையில் இம்மாறுதலுக்கு மற்றொரு துன்பம் வழிவகுத்தது. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மடிந்த சரிவுகளில் தேயிலை ஏறிற்று. தமிழகத்திலிருந்து வந்த மக்களின் உழைப்பால் மலைநாடு தேயிலை நாடாயிற்று; பூண்டுலோயா தேயிலை ஊராயிற்று. இங்கு ஆக்கப்பட்டது பெரும்பாலும் கருந்தேயிலை. கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்படப் புளிக்கவைத்தால், பச்சை இலை செம்புநிறமாகும், உலர்த்தினால் கருமையடையும். இந்நிறம் இலையினுள்ளேயே பிறப்பது. இதற்குச் சாயம் தேவையில்லை. சாயம் படிவது கொழுந்து பறிப்போரின் கைகளிலேதான். தேயிலையின் கறை விரல்களில் ஏறிக் கருமையாய் நின்றுவிடுகிறது.

நீலம் இன்று வேறொரு வடிவில் தேநீர்க் கோப்பைக்குத் திரும்பியுள்ளது. சங்குப்பூ என்றும் காக்கணம் என்றும் வழங்கும் கொடியின் பூவை உலர்த்தி, ‘நீலத் தேநீர்’ என்னும் பெயரால் விற்கின்றனர். சிங்களவர் இதனைக் கட்டரொலு என்பர். இது தமிழருக்குப் பழைய பூ. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் மலைமகளிர் குவித்த பூக்களின் வரிசையில் கருவிளை என்னும் பெயரோடு இது நிற்கிறது. தமிழர் இதனைப் பூசைக்கும் மருந்துக்கும் வைத்துக்கொண்டனர். மலாயாவின் கிளந்தான் மக்களோ இதன் சாற்றில் அரிசியை ஊறவைத்து நீலச்சோறு சமைத்தனர். வேலியில் படர்ந்த ஒரே கொடி ஓரிடத்தில் அருச்சனைக்கும் மற்றோரிடத்தில் அடுப்படிக்கும் உரியதாயிற்று. எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் இந்நீலம் ஊதாவாக மாறும். அமெரிக்க நாட்டின் உணவு, மருந்து ஆணையம் 2021-ஆம் ஆண்டில் இப்பூவின் சாற்றை உணவுக்கு நிறமூட்ட அனுமதித்தது.

இந்நீலம் உண்மையானது, பூவினுள்ளேயே பிறந்தது. ஆயினும் பூவின் நீர் தேநீராகாது. அதில் தேயிலையின் ஓர் இலைகூட இல்லை. அதனை அதன் சொந்தப் பெயராலேயே விற்பதுதான் நேர்மை. அன்று தேயிலைக்குப் பொய் நிறம் பூசினர். இன்று பூவுக்குத் தேயிலையின் பெயரைப் பூசுகின்றனர். முன்னதைப்போல் இது கலப்படமன்று. எனினும் இரண்டிலும் வாங்குவோரின் கண்ணே விலையைத் தீர்மானிக்கிறது.

சீனத்துத் தொழிலாளியின் நீலக் கைகளை ஒரு பயணி எழுதி வைத்தமையால் உலகம் அறிந்தது. பூண்டுலோயாவின் கொழுந்துக் கூடைக்கு அடியிலுள்ள கறுத்த கைகளோ தேயிலைப் பெட்டியின் எந்த முத்திரையிலும் எழுதப்படவில்லை. கோப்பையின் நிறத்தைப் பார்ப்பவர், அந்நிறத்தை ஆக்கிய கையின் நிறத்தையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், தேயிலையின் வரலாற்றில் பாதியையேனும் அறிந்தவராவர்.