மத்தவிலாசப் பிரகசனம்

செஞ்சிப் பக்கத்து மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் குடைவரை எடுத்த பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய வடமொழி நகைச்சுவை நாடகம். இதைப் பொய்ப்பழியை ஆராயும் துப்பறியும் கதையாகவும் படிக்கலாம். காஞ்சியில் குடிபோதையிலுள்ள காபாலிகன் (மண்டையோடு ஏந்தும் சைவத் துறவி) சத்தியசோமனின் பிச்சைப் பாத்திரமான கபாலம் தொலைகிறது. பௌத்தத் துறவி நாகசேனன் ஆடைக்குள் பாத்திரத்தை ஒளித்துவைத்திருந்ததே அவன்மேல் சந்தேகத்தைக் கிளப்புகிறது. எடுத்துக் காட்டினால் அது கறுப்பு, கபாலமோ வெள்ளை. மாயத்தால் நிறத்தை மாற்றிவிட்டான் என்கிறான் காபாலிகன். இத்தகைய வாதத்தை எந்தச் சான்றும் உடைக்காது; 1563இல் சூனியத் தடைச் சட்டம் இயற்றிய எலிசபெத் கால இங்கிலாந்தின் வழக்குகளிலும் சிக்கல் இதுதான். உண்மையில் கபாலத்தை நாய் கவ்விப்போயிருந்தது; கடைசியில் அது ஒரு பைத்தியக்காரன் கையில் கிடைக்கிறது. யாரும் துப்பறியவில்லையே எனலாம். உண்மைதான். ஆனால் அறிவால் தீராத வழக்கைத் தற்செயலால் தீர்த்திருப்பதில்தான் அரசனின் கேலி இருக்கிறது. அவனே நீதி வழங்கும் இடத்தில் இருந்தவன்.