கரும்பின் வளர்ச்சி அளவீடு

கரும்பின் வளர்ச்சி அளவீடு என்பது ஆளுயரத்தையும் கடந்து வளரும் கரும்பை வெட்டாமல் வயலில் வைத்தே, அதன் உயரம், பருமன், கணு எண்ணிக்கை, தோகைப் பரப்பு ஆகியவற்றைக் குறித்த இடைவெளிகளில் அளந்து வளர்ச்சியை மதிப்பிடும் முறைகளைக் குறிக்கும். பொதுவாகத் தாவர வளர்ச்சியை அளப்பதற்கு ஸ்டீவன் ஹேல்ஸ் 1727இல் வெளியிட்ட நூல் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இளந்தண்டில் சம தொலைவில் புள்ளிகளிட்டு, அவை விலகும் அளவைக் கொண்டு தண்டு நீளும் பகுதியை அவர் கண்டறிந்தார்.

கரும்பில் இம்முயற்சி விரிவாகப் பதிவானது கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் ஆகும். அதன் முதல் வல்லுநரான சி. ஏ. பார்பர் இந்தியக் கரும்புகளை சரேதா, சன்னபைல், முங்கோ, நர்கோரி, பன்சாகி என ஐந்து குழுக்களாகப் பிரித்தபோது, தோற்றத்தை மட்டும் நம்பாமல் தண்டு, கணு, தோகை ஆகியவற்றின் அளவுகளையும் திரட்டினார். ஓரிடத்துக்கு எந்த இரகம் ஏற்றது என்பதை அளவீட்டால் சோதிப்பதையே பொருளாகக் கொண்ட அவரது ஆய்வுப் பகுதி 1919இல் வெளிவந்தது. இதற்கு அடிப்படையான உண்மை எளியது, ஆனால் மிக அழகியது: நீர் போதிய காலத்தில் உருவான கணுவிடை நீண்டும், வறட்சியில் உருவானது குறுகியும் அமைவதால், அடியிலிருந்து நுனிவரை கணுவிடைகளை வரிசையாக அளப்பவர், அக்கரும்பு கடந்துவந்த பருவங்களை அதன் தண்டிலேயே அறிய இயலும்.

உயரத்தை எதுவரை அளப்பது என்பதற்கு, ஜாவாவில் கைப்பர் 1915இல் வகுத்த தோகை எண்முறை துணையாயிற்று. தோகையின் இலைத்தாள் அதன் உறையோடு சேரும் கழுத்துப் பகுதி முழுமையாக வெளித்தெரியும் உச்சித் தோகை முதல் எண் பெறும். காற்றில் அசையும் தோகை நுனியை விட்டு, நிலமட்டத்திலிருந்து அக்கழுத்துவரை அளப்பது வழக்கமாயிற்று. தோகைப் பரப்புக்கு, மக்காச்சோளத்தில் மான்ட்கோமரி 1911இல் பயன்படுத்திய, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி 0.75ஆல் மீண்டும் பெருக்கும் முறை தழுவப்பட்டது. எனினும் இக்கெழு இரகத்துக்கு இரகம் மாறும் என்போரும் உளர்.

பருமனைத் தண்டின் நடுவில் மட்டும் அளப்பதா, அடி, நடு, நுனி ஆகிய மூன்றிடங்களின் சராசரியைக் கொள்வதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. தண்டின் கன அளவு விட்டத்தின் இருமடியைச் சார்ந்திருப்பதால், பருமனில் 10 விழுக்காடு மிகை, எடை மதிப்பீட்டில் ஏறத்தாழ 21 விழுக்காடு மிகையாகும் என்பதே இவ்வேறுபாட்டின் முக்கியத்துவம்.

அண்மைக் காலத்தில் ஆளில்லா வானூர்திப் படங்களிலிருந்தும் உயரம் கணிக்கப்படுகிறது. அக்கணிப்புகள் வயலில் கையால் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன.