மாலத்தீவின் சேம்பு வயலும் பவளக்கல் பள்ளியும்

மாலத்தீவுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 'மூழ்கப்போகும் நாடு' என்று கூறி நின்றுவிடுகின்றனர். ஒரு தீவை மூழ்கடிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே கடல் அதன் கிணற்றையும் வயலையும் பற்றிக்கொள்கிறது என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை.

அந்நாட்டு மன்னர் ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1153) இஸ்லாத்தைத் தழுவினார் என்பது மரபு. அவரை நேர்வழிப்படுத்தியவர் மக்ரிபைச் சேர்ந்த அபுல் பரகாத் அல்-பர்பரீ என்கிறார் இப்னு பதூதா. தப்ரீஸ் நகரத்துப் பெரியார் என்பாரும் உளர். அவ்விவாதம் ஈண்டு வேண்டா. 1343இல் அங்குச் சென்று காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா (பின்னர் இலங்கை வழியாக நமது மஅபர் கரைக்கு வந்தவரும் அவரே) அம்மக்களின் உணவு மீனும் தேங்காயும் எனக் குறிக்கிறார். தினை போன்ற ஒரு தானியம் ஒரேயொரு தீவுக்கூட்டத்தில் மட்டும் விளைந்ததாம். அரிசியோ, சோழிகளுக்கு மாற்றாக வங்காளத்திலிருந்து வந்தது. தானியத்திற்குப் பிறரை நம்பிய அம்மக்களுக்குத் தென்னையும் சேம்புமே சொந்த மண்ணின் கொடைகளாயின. தென்கோடியிலுள்ள ஃபுவமுலாவின் சதுப்பு வயல்களில் இன்றும் சேம்பு பயிராகிறது.

இச்சேம்பை வாழவைப்பது மழைநீர். மணலுள் இறங்கும் அந்நீர், கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டாதது. கடல் சிறிது உயர்ந்தாலும், பேரலை ஒருமுறை நிலத்தைக் கடந்தாலும் அப்படலம் கெடுகிறது; தென்னை ஓரளவு தாங்கும், சேம்பு தாங்காது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் பல தீவுகளில் இதுவே நேர்ந்தது. அப்பேரலைக்குக் காரணம் நிலநடுக்கம், கடல்மட்ட உயர்வன்று. எனினும் உப்பு புகுந்த மண் எவ்வாறிருக்கும் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிட்டது. ரா தீவுக்கூட்டத்தின் கந்தொலுதூ தீவு கைவிடப்பட்டது. அதன் மக்கள் ஏறத்தாழ நான்காயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் பிற தீவுகளில் தங்கியிருந்து, பின்னர் துவாஃபரு என்னும் தீவில் குடியேறினர். 1997 முதல் கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்ட ஹுல்ஹுமாலே இன்னும் பலருக்கு வீடு தரக்கூடும். சேம்புக் குழியை அங்கே யார் பெயர்த்துச் செல்வது?

நிலம் போனால் பள்ளிவாசலும் தனித்து நிற்பதில்லை. 1194ஆம் ஆண்டைச் சேர்ந்த இஸ்தூ தீவின் செப்பேடு, பள்ளியின் பராமரிப்புக்கு நிலங்களை ஒதுக்கிய அரசாணையாகும். வக்ஃபும் வயலும் அன்றே பிணைந்திருந்தன. மாலேயின் பழைய ஜும்ஆப் பள்ளி 1658இல், சுல்தான் முதலாம் இப்ராஹீம் இஸ்கந்தர் காலத்தில், பவளக்கல்லால் எழுப்பப்பட்டது. கடலிலிருந்து எடுத்த கல்லை ஈரமாயிருக்கும்போதே அறுத்து, உலர்த்தி, சாந்தின்றி மரவேலைபோலப் பொருத்திய அக்கைத்திறன் வியப்புக்குரியது. ஆனால் ஒன்றை மறைத்தலாகாது: இருபதாம் நூற்றாண்டில் வீடு கட்டுவதற்கெனப் பவளத்தை அளவின்றி அகழ்ந்தமையால், அலையைத் தடுக்கும் திட்டுகள் சில இடங்களில் மெலிந்தன. 1998இலும் 2016இலும் கடல் வெப்பமுற்றுப் பவளங்கள் வெளிறியது அம்மெலிவை மேலும் கூட்டியது.

அத்தூவின் மீதூவில் கோகன்னு என்னும் தொன்மையான கபுர்ஸ்தான் கடலை அடுத்துள்ளது. அங்கு ஆண்களின் மீஸான் கற்கள் கூர்நுனியும் பெண்களின் கற்கள் வளைந்த தலையும் உடையவை. தடுப்புச்சுவர் எழுப்புவது அரசின் பணி. அலை தேய்ப்பதற்குள் அக்கற்களின் எழுத்துகளைப் படியெடுப்பது அரபு கற்றோர் செய்யக்கூடிய பணி. நம் கல்லூரிகளின் மாணவர் சிலரை ஒரு விடுமுறைக் காலத்தில் அங்கு அனுப்புவது இயலாத செயலன்று.