கோலார் தங்கவயல்

சிவனொளிபாத மலையின் அடியில், நல்லதண்ணியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுக்குச் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கங்காணிமாருடன் மக்கள் வந்து சேர்ந்த அக்காலத்திலேயே, சேலம், வடஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து வேறு சிலர் மைசூர்ச் சீமையை நோக்கிச் சென்றனர். கடல் கடந்தவர்கள் மலையேறினார்கள். இவர்களோ மண்ணுக்குள் இறங்கினார்கள். அவ்விடமே கோலார் தங்கவயல்.

அம்மண்ணிலே பொன் உண்டென்பது ஊரார் அறிந்ததே. அவர்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுப்பதை 1802ஆம் ஆண்டிலேயே ஜான் வாரன் என்னும் படை அதிகாரி கண்டெழுதினார். 1875இல் லவெல் என்னும் ஐரிஷ்காரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார், முதல் போதவில்லை. 1880இல் இலண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பின்னரே சுரங்கம் தழைத்தது. 1902இல் சிவசமுத்திர அருவியின் மின்சாரம் ஏறக்குறைய 90 மைல் கடந்து அங்கு வந்தது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்ததோ 1905இலே தான்! பொன்னுக்கு அத்துணை முதன்மை.

தொழிலாளர்க்குக் கிடைத்தவை மூங்கில் தட்டிக் குடிசைகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்றது. அங்கே பாறையே கையைச் சுடும். குளிர்காற்றைச் செலுத்தினாலன்றி வேலை நடவாது. பாறை திடீரென வெடித்துச் சிதறும். அதற்குத் தப்பியவரையும் கற்றூள் விடவில்லை. நுரையீரலிற் புகுந்து மெல்லக் கொன்றது. 1930இல் ஒவ்வொருவரும் கைரேகை பதியவேண்டும் என்று விதித்தபோது, தம்மைக் குற்றவாளிகள்போல் நடத்துவதாகக் கருதி அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எழுதப் படிக்க அறியாதவர்கள் பலர். மானம் அறியாதவர்கள் அல்லர்.

அந்த ஆழம் விஞ்ஞானத்துக்கும் பயன்பட்டது. 1965இல் பம்பாய் டாடா ஆய்வு நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாக்கா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அங்கே நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைப் பதிவு செய்தனர். டர்ஹாமும் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன நாடுதான்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. தோண்டும் செலவு பொன்னின் விலையை விஞ்சவே, 2001 பெப்ரவரி 28ஆம் நாள் வேலை நின்றது. அதற்குள் ஏறக்குறைய 800 டன் பொன் வெளிவந்திருந்தது.

பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மண் குன்றுகளாய் நிற்கிறது. மக்கள் அதனைச் 'சயனைடு மேடு' என்கின்றனர். காற்று வீசுங்கால் அத்தூள் வீடுகளிற் படிகிறது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் இரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின் திரும்புகின்றனர்.