இரண்டு உறுதிகள்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நமது முதுமொழி. அதைச் சொன்னவர்கள் சொந்த ஊரில் இருந்துகொண்டு சொன்னார்கள். ஊரை இழந்தவர்கள் வேறோர் ஊரில் வீடு கட்டுவது எத்தகையது என்பதைப் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியில்தான் நான் அறிந்துகொண்டேன்.

1990 ஒக்ரோபர் மாதத்தில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்கள் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அவகாசம் இரண்டு மணி நேரம். பணமும் நகையும் பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவினர் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டுச் சோறு சமைத்துக் கொடுத்தார்கள்.

நகை பறிபோனதன் பொருளை வாசகர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். நம்மவர் குடும்பங்களில் மனைவியின் கழுத்திலும் கையிலும் கிடப்பதுதான் வங்கி. அதுவும் போனபின் சேமிப்பு பூச்சியத்திலிருந்து தொடங்கியது.

2008இல் நான் சந்தித்த தம்பதி யாழ்ப்பாணச் சோனக தெருவைச் சேர்ந்தவர்கள். தென்னந்தோட்டம் ஒன்றில் கிடுகுக் கொட்டில் போட்டுப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். அங்கே கடை வைத்திருந்தவர் இங்கே வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலியானார். மனைவி மிளகாய் ஆய்ந்தார், சீட்டுப் பிடித்தார். முதற் சீட்டுப் பணம் பத்துப் பேர்ச்சஸ் காணியானது. அடுத்தது அத்திவாரமானது. அதன்பின் மூன்றாண்டுகள் அத்திவாரத்தின்மேல் புல் முளைத்தது.

2007 பெப்ரவரியில் உலக வங்கி 32 மில்லியன் டொலர் நிதியைப் புத்தளம் வீடமைப்புத் திட்டத்துக்கு அங்கீகரித்தது. பயனாளிகளே வீட்டைக் கட்டவேண்டும். கட்டடம் எழ எழப் பணம் தவணையாக வரும். காணிக்கு உரிமை காட்டவேண்டும். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய அந்தப் பத்துப் பேர்ச்சஸின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் இத்தனை ஆண்டுகள் தாமதித்ததற்குப் பணம் மட்டும் காரணமல்ல. கல்வீடு கட்டினால் ஊர் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். கிடுகை ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டிருப்பதே, "நாங்கள் போகப்போகிறோம்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் வழியாக இருந்தது.

"பிள்ளையக் கட்டிக்குடுக்கிற வயசு வந்திட்டுது தம்பி. கொட்டிலுக்க வச்சு மாப்பிள்ளை கேக்க ஏலுமா? அதுக்காக எங்கட ஊரை விட்டுக்குடுத்தம் எண்டில்ல" என்றார் அந்தப் பெண்மணி.

பிறகு கணவர் ஒரு பொலித்தீன் பையைப் பிரித்தார். ஒன்று புத்தளத்துக் காணி உறுதி. மற்றது யாழ்ப்பாணத்து வீட்டின் உறுதியினுடைய பிரதி. 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் முதல் வேலையாக அதைப் பெற்றுவந்தாராம். அந்த ஆண்டு ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்தைத் தவறென ஏற்று வருத்தம் தெரிவித்திருந்தார். "வருத்தம் சரி. வீட்டில் கூரை இல்லையே" என்றார் அவர்.

2009இல் போர் முடிந்தது. மீள்குடியேறச் சென்ற பலரைப் பற்றைக்காடும் இடிந்த சுவர்களுமே வரவேற்றன. புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தயங்கினார்கள். "புத்தளத்தில் வீடிருக்கிறதே, பிறகேன் இங்கே காணி கேட்கிறீர்கள்?" என்ற குரல் வடக்கில் எழுந்தபோது, அதைச் சொன்னவர்களில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதை நான் வெட்கத்துடன் குறிப்பிட வேண்டும். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் வீடு வாங்கிய நம்மவர் எவரிடமும், யாழ்ப்பாணத்துக் காணியை விட்டுவிடுங்கள் என்று நாம் கேட்பதில்லை.

பதினேழு ஆண்டுக் கூலியில் எழுந்த வீடு அவர்களது உழைப்பின் சான்று. துரத்தியவர்களின் கணக்கை அது தீர்த்துவிடாது. அந்தப் பையில் இரண்டு உறுதிகள் இருந்தன. இரண்டுமே செல்லுபடியானவை.