ரெக்ரூட் என்ற சொல்லின் பழைய அர்த்தம்

ரெக்ரூட் என்றால் நமக்கெல்லாம் ஆள் எடுப்பது. பட்டாளத்துக்கு எடுத்தாலும் ரெக்ரூட்மெண்ட்தான், பாங்கு வேலைக்கு எடுத்தாலும் ரெக்ரூட்மெண்ட்தான். ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது அதற்கு அர்த்தம் 'மறுபடி வளர்வது'.

லத்தீனில் 'க்ரெஸ்கெரே' என்றால் வளர்தல். கிரெஸன்ட் என்று பிறையைச் சொல்கிறார்களே, அதுவும் இந்த வேரில் வந்ததுதான். சரியாகச் சொன்னால் அது வளர்பிறை. முன்னால் 'ரெ' சேர்ந்தால் மறுபடி வளர்தல். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேரிலிருந்து 'ரெக்ரூ' என்று ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். சண்டையில் ஆள் குறைந்துபோன படைக்கு வந்து சேரும் புது ஆட்களுக்கு அந்தப் பெயர். அதுவே 'ரெக்ரூட்' என்று மாறி, ஹாலந்தில் அச்சான பிரெஞ்சுச் செய்தித்தாள்களில் புழங்கியது. கொச்சை என்று பிரெஞ்சு எழுத்தாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆங்கிலேயர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே அதை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கையில் அதன் அர்த்தம் விரிந்தது. குறைந்த எதையும் நிரப்பினால் அது ரெக்ரூட். கரைந்த பணத்தைச் சேர்ப்பதும், இழந்த தெம்பை மீட்பதும் அதில் அடங்கின. நோயில் மெலிந்தவர் உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போனால், ஆரோக்கியத்தை 'ரெக்ரூட்' செய்யப் போகிறார் என்று எழுதினார்கள்.

இதற்கு நம் நீலகிரியே சாட்சி. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலை ஏறிப் பார்த்தார். பிறகு சமவெளி வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய கம்பெனி அதிகாரிகள் உடம்பு தேற ஊட்டிக்கு வர ஆரம்பித்தார்கள். 1850-களில் குன்னூர் பக்கம் ஜெகதளாவில், நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்கள் தேறுவதற்காகப் பாசறை கட்டினார்கள். அந்த இடம்தான் பின்னால் வெலிங்டன் ஆனது. இன்று அங்கே மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் இருக்கிறது. புதிதாகச் சேரும் ரெக்ரூட்டுகள் அங்கேதான் பயிற்சி எடுக்கிறார்கள். சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒரே ஊரில் குடியிருந்திருக்கின்றன.

நம் தமிழிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது. காய்ச்சலில் படுத்தவன் தேறினான் என்கிறோம். பட்டாளத்து செலக்‌ஷனில் தேறினான் என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதல் அர்த்தம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம்மிடம் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. வெட்டிய கிளை துளிர்க்கும். படையும் அப்படித்தான் மறுபடி வளர்கிறது என்று இந்தச் சொல் சொல்கிறது. படை வளரும், உண்மை. ஆனால் சண்டையில் விழுந்தவன் துளிர்ப்பதில்லை. அவன் வரிசையில் வேறொருவன் வந்து நிற்கிறான், அவ்வளவுதான். ஆபீஸிலும் அப்படித்தானே? ரெக்ரூட்மெண்ட் ஃபைல் பெரும்பாலும் திறப்பது ஓர் இடம் காலியான பிறகுதான். யாரோ ரிட்டயர் ஆகியிருப்பார், அல்லது சர்வீஸிலேயே கண்ணை மூடியிருப்பார். புதிதாகச் சேர்ந்த பையனை வாழ்த்தும்போது, அந்த நாற்காலியில் முன்பு இருந்தவரின் பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.